விடுதிக்குப் போகும் பிள்ளையின் பை

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டாள் என்று தெரிந்த பிறகு வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, "பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் தனிய விடுறதோ?" என்பது. இதற்கு ஊர் முழுவதும் பதில் வைத்திருக்கிறது. இரண்டாவது, "என்னென்ன குடுத்து விட வேணும்?" என்பது. இதற்குப் பதில் சொல்லத்தான் ஆளில்லை. எமது வாசகிகளில் பலருடைய குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் முதல் ஆள் அந்தப் பிள்ளையாகத்தான் இருப்பாள்.

மாதர் சங்கக் கூட்டங்களில் தாய்மார் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு இதைக் கேட்பார்கள். சென்ற வருடம் போன அக்காமார் தொலைபேசியில் அனுப்பிய பட்டியலையும் காட்டுவார்கள். அதில் தலைமுடி உலர்த்தும் கருவி முதல் சுவரில் ஒட்டும் மின்குமிழ் வரை இருக்கும். பிறப்புச் சான்றிதழின் பிரதி இருக்காது. ஆகவே இம்மாதம் அந்தப் பையைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவோம்.

சகோதரிகளே, பை கட்டுவது எமக்குப் புதிய வேலை அல்ல. 1990 இல் கிழக்கில் கட்டினோம். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளுக்கு அதைக் கட்டுவதற்குக்கூட நேரம் இருக்கவில்லை. 1995 இல் வலிகாமத்திலிருந்து, 2008 இல் கிளிநொச்சியிலிருந்து, பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு இடத்திலிருந்து என்று உரப்பையிலும் சாக்கிலும் வீட்டைக் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் நாம். எதைத் தூக்குவது, எதை விடுவது என்று ஒரு நிமிடத்தில் முடிவெடுக்கத் தெரிந்தவர்கள். அந்தப் பழக்கம் எமது கைகளில் இன்னும் இருக்கிறது. பிள்ளையை விடுதிக்கு அனுப்பும்போது அது எட்டிப் பார்க்கும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு தாய் தன் மகளுக்காக ஐந்து மூட்டைகள் கட்டி வைத்திருந்தார். பத்துக் கிலோ அரிசி, அலுமினியச் சட்டி இரண்டு, ஒரு தறப்பாள் துண்டு, மெழுகுதிரிக் கட்டு, இரண்டு பாய். தறப்பாள் எதற்கு என்று கேட்டேன். "கிடக்கட்டும் மிஸ், எங்கையாவது போட வேண்டி வந்தால்..." என்றார். மகள் சிரிக்கவில்லை. "அம்மா, நான் லீவுக்கு வந்திடுவன் எல்லோ" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் தாய் ஒவ்வொன்றாக வெளியில் எடுக்கத் தொடங்கினார். சட்டியை எடுக்க மனம் வரவில்லை. கடைசியில் அதுவும் வந்தது.

இதைத்தான் முதலில் மனதில் இருத்த வேண்டும். இது இடப்பெயர்வு அல்ல. பிள்ளை போகும் இடத்தில் கூரை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, கடை இருக்கிறது. முதலாம் பருவம் முடிய விடுமுறை வரும், அவள் வீட்டுக்கு வருவாள். மறந்த சாமானை அப்போது எடுக்கலாம். ஆகவே தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, அவ்வளவு போதும். முல்லைத்தீவிலிருந்து பேராதனைக்குப் போகிற பிள்ளை வவுனியாவிலும் கண்டியிலும் பஸ் மாற வேண்டியிருக்கும். முதல் முறை நீங்கள் கூடப் போவீர்கள். அடுத்த முறை அவள் தனியே ஏற வேண்டும். கட்டிய பையைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து தார் றோட்டு வரை ஒருதரம் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் இறக்கி வைத்தால் பை பாரம். சில்லுப் பூட்டிய பெட்டி வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை: எங்கள் ஒழுங்கைகளிலும் பேராதனை மலைப் படிகளிலும் சில்லு உருளாது.

இனிப் பத்திரங்கள். நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இதில்தான். துணியை எங்கேயும் வாங்கலாம்.

இடம்பெயர்ந்த காலத்தில் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பங்கீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினோம். அந்தப் பை தொலைந்தவர்களுக்கு எல்லாமே தொலைந்தன. ஆகவே இப்போது எல்லா மூலப் பிரதியையும் பிள்ளையின் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். பதிவு செய்யும் நாளில் மூலப் பிரதிகளைக் காட்டும்படி கேட்பார்கள். அவற்றைப் பெரியவர் ஒருவர் கையில் கொண்டுபோய்க் காட்டி, அலுவலகம் வைத்துக்கொள்ளாதவற்றைக் கையோடு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பிள்ளையிடம் இருக்க வேண்டியவை, சமாதான நீதவானோ உரிய அலுவலரோ உறுதிப்படுத்திய பிரதிகள், இரண்டு கட்டு. பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், நற்சான்று, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று ஆகியன. தேசிய அடையாள அட்டை மட்டும் மூலமாக எப்போதும் அவளோடு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள் ஒரு பத்து. எல்லாப் பத்திரங்களையும் தொலைபேசியில் படம் பிடித்து, அதை வீட்டில் இன்னொரு தொலைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். நனைந்தாலும் தொலைந்தாலும் ஏதோ ஒன்று மிஞ்சும்.

பிரதி எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் பாயில் விரித்து வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். யுத்த காலத்தில் அவசரத்தில் பதிந்தவை, முகாமில் பதிந்தவை, பிறகு பிரதி எடுத்தவை என்று ஒரே பிள்ளையின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒன்றில் 'சாந்தினி', இன்னொன்றில் 'சாந்தனி', ஆங்கிலத்தில் வேறொன்று. தகப்பனின் பெயரிலும் இப்படி வரும். பதிவு மேசையில் வரிசையில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடித்தால் பிள்ளை அழுதுவிடுவாள். முன்கூட்டியே கண்டால் சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளலாம், அல்லது பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்குக் கொடுக்கலாம். பிறப்புப் பதிவே கிடைக்காத பிள்ளைகளுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. இவற்றுக்கு நாள் எடுக்கும். வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருக்காமல் பரீட்சை எழுதிய கையோடு தொடங்குவது நல்லது.

பத்திரங்களில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் எங்கள் பல வீடுகளில் பேனை நின்றுவிடும். 'தந்தையின் பெயர், தொழில், வருமானம்.'

மகாபொல புலமைப்பரிசிலுக்கும், பிள்ளைகள் 'பேசரி' என்று சொல்லும் நிதியுதவிக்கும் குடும்ப வருமானம் கேட்கப்படுகிறது. தகப்பன் இறந்தது பதியப்பட்டிருந்தால் மரணச் சான்றிதழின் பிரதி போதும். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் என்ன எழுதுவது? 'காலமானார்' என்று எழுத அந்தத் தாய்க்குக் கை வருவதில்லை. எழுதாவிட்டால் பிள்ளையின் காசு நின்றுவிடுமோ என்ற பயம். படிவத்தை முடிக்க வேண்டும் என்பதற்காக மனமில்லாமல் மரணச் சான்றிதழ் எடுத்து, அதற்குப் பிறகு பல வருடம் தன்னைத்தானே குற்றவாளியாக நினைத்து வாழும் பெண்களை நான் சந்தித்திருக்கிறேன்.

சட்டத்தில் வேறு வழியும் இருக்கிறது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016 இல் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின்படி ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், அவரைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைக் குடும்பத்தார் பெறலாம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதிந்தவர்கள் அங்கேயே இதைப் பற்றிக் கேட்கலாம். அதைப் பெற்றால் தேடுவதை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தமாகாது. எந்தச் சான்றிதழும் எடுக்க விரும்பாதவர்கள், தாய் தனித்து நடத்தும் குடும்பம் இது என்பதையும் தாயின் வருமானத்தையும் கிராம அலுவலர் எழுத, பிரதேச செயலகம் உறுதிப்படுத்திய கடிதத்தைக் கோப்பில் வைத்து, பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன்புரிப் பிரிவில் நேரில் விளக்கிச் சொல்லுங்கள். வெறுமையாக விட்டுவிட்டு வர வேண்டாம். வெற்றிடத்தைப் பார்த்து யாரும் உங்கள் கதையை ஊகிக்கப் போவதில்லை.

படிவம் ஒருமுறை கேட்கும் கேள்வியை விடுதியில் நூறு பேர் கேட்பார்கள். "அப்பா என்ன செய்யிறார்?" அறையில் இருக்கும் பிள்ளைகள் கேட்பார்கள், மேல் வகுப்பு மாணவிகள் கேட்பார்கள், விடுதிப் பொறுப்பாளரும் கேட்பார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததால் பிள்ளை இந்தக் கேள்விக்கு இதுவரை பதில் சொல்லியே பழகியிருக்கமாட்டாள். போவதற்கு முன் ஒரு பின்னேரம் தாயும் மகளும் இருந்து இதைப் பேச வேண்டும். "அப்பா இல்லை, அம்மாதான் பாக்கிறா" என்பது ஒரு பதில். "2009 இல காணாமல் போனவர்" என்பதும் பதில். "அதைப் பற்றி இப்ப கதைக்க விருப்பமில்லை" என்று சொல்லவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. எதைச் சொல்வது என்று அவள்தான் தெரிவுசெய்ய வேண்டும். தகப்பன் இயக்கத்தில் இருந்தவர் என்றால், அல்லது தாய் இருந்தவர் என்றால், யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதையும் அப்போதே பேசிவையுங்கள். பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டாம். பொய்யை நாலு வருடம் ஞாபகம் வைத்திருப்பது பிள்ளைக்குப் படிப்பைவிடப் பெரிய வேலையாகிவிடும்.

அப்பாவின் படத்தைக் கொண்டுபோக ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். ஆனால் பல வீடுகளில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு படம். அதை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பிரதி எடுத்துக் கொடுங்கள். மூலம் வீட்டில் இருக்கட்டும்.

இடத்தைப் பற்றித் தாய்மாருக்கும் நினைவுகள் இருக்கின்றன. மட்டக்களப்பில் ஒரு தாய்க்கு மகள் வந்தாறுமூலைக்குத் தெரிவானது சந்தோசமும் துக்கமுமாக இருந்தது. 1990 இல் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்கள் திரும்பி வரவில்லை. அந்தத் தாயின் தம்பியும் அன்றைக்குப் போனவர்தான். "புள்ளைக்கிட்ட இதச் சொல்லி அனுப்புறதா, சொல்லாம அனுப்புறதா?" என்று கேட்டார். சொல்லிவிடுங்கள் என்றேன். எப்படியோ ஒரு நாள் அங்கே யாரிடமாவது கேள்விப்படத்தான் போகிறாள். மாமாவைப் பற்றி அம்மாவின் வாயால் கேட்டுவிட்டுப் போவது நல்லது அல்லவா?

சரி, இனிச் சாமான்கள். இது நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. ஒரு தலையணை, படுக்கை விரிப்பு இரண்டு, நுளம்பு வலை. வலையைச் சிலர் நாகரிகக் குறைவு என்று விடுகிறார்கள். டெங்கு வந்து ஒரு பரீட்சை போனால் தெரியும். வாளியும் கோப்பையும் போய் வாங்கலாம், பஸ்ஸில் தூக்க வேண்டாம். ஆமைப்பூட்டு இரண்டு, ஒன்று அலுமாரிக்கு, ஒன்று பைக்கு. திறப்பில் ஒன்று கழுத்து நூலிலோ கைப்பையிலோ, மற்றது நம்பிக்கையான ஒருத்தியிடம். கொடிக் கயிறு கொஞ்சம், ரோச் லைற், கத்தரிக்கோல், ஊசி நூல், தட்டும் கோப்பையும் கரண்டியும் ஒவ்வொன்று. மெத்தை கொண்டுவர வேண்டுமா என்பதை மட்டும் விடுதியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் வேறுபடும். மின்கேத்தல், மின் அடுப்பு, நீரில் அமிழ்த்திச் சூடாக்கும் கம்பி ஆகியவற்றை விடுதிகளில் பொதுவாக அனுமதிப்பதில்லை. களவாக வைத்திருந்து பிடிபட்டால் பறித்துவிடுவார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சுடுநீர்ப் போத்தல் வாங்கலாம்.

எந்த ஊருக்குப் போகிறாள் என்பதைப் பார்த்துத் துணி வையுங்கள். வன்னி வெயிலிலும் மட்டக்களப்புக் கடற்காற்றிலும் வளர்ந்த பிள்ளைக்குப் பேராதனையின் விடியற்காலைக் குளிர் தெரியாது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கும் பதுளையும், சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கும் பெலிஹுல்ஓயாவும் மலைநாடு. பெலிஹுல்ஓயாவில் காற்றும் சேர்ந்து அடிக்கும். அந்த இடங்களுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று, தடித்த போர்வை ஒன்று, காலுறை இரண்டு சோடி கட்டாயம். குடையைவிட மழை அங்கி நல்லது. மிஹிந்தலையில் இருக்கும் ரஜரட்ட பல்கலைக்கழகத்துக்குப் போகிறவளுக்குப் போர்வை குறைய, தண்ணீர்ப் போத்தல் பெரிதாக இருக்க வேண்டும். வட மத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வடிகட்டிய குடிநீர் எங்கே கிடைக்கிறது என்று போன அன்றே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உடுப்பு விடயத்தில் எனது கருத்து சற்றுக் கடுமையானது. முதல் வருடத்துக்குப் புதிது புதிதாகத் தைத்துக் குவிக்க வேண்டாம். எளிமையான, தோய்த்தால் ஒரு நாளில் காயும் உடுப்பு ஐந்தாறு, விடுதிக்குச் சோட்டி மூன்று, விழா நாளுக்கு ஒரு சேலை. குளிக்கும் இடம் பொதுவாக இருக்கலாம். குறுக்குக்கட்டுக் கட்ட ஒரு பாவாடை, துவாய் இரண்டு, குளியலறைக்கென்று தனிச் செருப்பு. முஸ்லிம் பிள்ளைகள் அபாயாவும் பர்தாவும் காய்வதற்கு நேரம் எடுக்கும் என்பதைக் கணக்கில் எடுத்து ஒன்று கூட வைக்கலாம்.

இன்ன உடுப்புத்தான் உடுக்க வேண்டும், இன்னது உடுக்கக் கூடாது என்று மேல் வகுப்பு மாணவர்கள் கட்டளையிடுவது சில இடங்களில் இன்னமும் நடக்கிறது. பகிடிவதையின் முதல் படி பெரும்பாலும் இதுதான். 1975 இல் பேராதனை இராமநாதன் விடுதியில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து நடக்க முடியாதவரானார். 1997 இல் அதே பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவன் பகிடிவதையின் பின் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. இதைப் பிள்ளையைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. "எல்லாரும் பொறுத்ததுதானே, நீயும் பொறு" என்று வீட்டிலிருந்து சொல்லி அனுப்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எவ்வளவோ அடக்குமுறையைப் பார்த்த நாம் இதைச் சடங்காக ஏற்கத் தேவையில்லை. அடித்தாலோ, உடம்பில் கை வைத்தாலோ, தொலைபேசியில் அசிங்கமாக எழுதினாலோ அன்றைக்கே வீட்டுக்குச் சொல்ல வேண்டும், மாணவர் ஆலோசகருக்கும் சொல்ல வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனம் தாங்காத நேரத்துக்கு 1926. இலவச அம்புலன்ஸ் 1990. இந்த மூன்றையும் தொலைபேசியில் மட்டுமல்லாமல் ஒரு கடதாசியில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். தொலைபேசியின் மின்கலம் தேவையான நேரத்தில்தான் இறங்கிப்போகும்.

சாப்பாட்டில் தாய்மாரைத் தடுக்க என்னால் முடியாது, முயற்சிக்கவும் இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்கான சாப்பாட்டைக் கட்ட வேண்டாம். முதல் இரண்டு கிழமைதான் விடுதிச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. அதற்கு இடிச்ச சம்பல், மோர்மிளகாய், வறுத்த சத்துமா, பனங்கட்டி, பயற்றம் உருண்டை அல்லது தட்டை வடை போதும். தூளும் மாவும் இறுக்கமான பேணியில், எண்ணெய்ச் சாமான் மேல் பையில் வேண்டாம். கருவாட்டை விட்டுவிடுங்கள். அறையில் மரக்கறிக்காரப் பிள்ளை இருந்தால் முதல் நாளே சண்டை. பகிர்வதற்கு என்று கொஞ்சம் கூடப் போட்டு அனுப்புங்கள். சிங்களப் பிள்ளையோ மலையகப் பிள்ளையோ கதைக்கத் தொடங்குவது பெரும்பாலும் ஒரு பேணி மூடியைத் திறக்கும்போதுதான். அதோடு ஒரு சிறிய கொப்பியில் முப்பது நாற்பது சிங்கள வார்த்தைகளை எழுதிக் கொடுக்கலாம். தண்ணீர், மருந்து, பஸ், எவ்வளவு, உதவி. "மட்ட சிங்கள ஹரியட்ட பேஹே" என்று சிரித்துக்கொண்டு சொல்லத் தெரிந்தால் பாதி வழி திறந்துவிடும்.

உடம்பு பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். மாதவிடாய்த் துவாய் மூன்று மாதத்துக்குக் கொடுத்துவிடுங்கள். விலை கூடிய சாமான் இது, காசில்லாத மாதத்தில் பிள்ளை வாய் திறந்து கேட்கமாட்டாள். துணி பாவிக்கிறவள் என்றால் நல்ல பருத்தித் துணி, தோய்க்கத் தனிச் சவர்க்காரம். வெயிலில் காயப்போட வேண்டும், வெட்கப்பட்டுக் கட்டிலுக்குக் கீழ் காயவைத்தால் நோய் வரும். வலிக்கு ஊரில் பாவிக்கும் மாத்திரை, சேலைன் பவுடர், காய்ச்சலுக்குப் பரசிற்றமோல். இழுப்பு, வலிப்பு, இரத்தச்சோகை என்று கிளினிக் போகிறவள் என்றால் கிளினிக் கொப்பியின் பிரதியும் இரண்டு மாத மருந்தும்.

இன்றைக்குப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளில் பலர் 2009 இல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள். அவர்களில் சிலருடைய உடம்பில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. வலி இல்லாததால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. பரிசோதனை காந்தத்தால் செய்யப்படுவது, உடம்பில் உலோகத் துண்டு இருந்தால் அது ஆபத்தாகலாம். எங்கே துண்டு இருக்கிறது என்று வைத்தியர் எழுதிய கடிதம் ஒன்று கோப்பில் இருக்க வேண்டும். மயங்கி விழுந்து யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், பேச முடியாத அவளுக்காக அந்தக் கடிதம் பேசும். அதேபோல, வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறவள், இரவில் கத்தி எழும்புகிறவள் என்றால் அறையில் ஒருத்திக்காவது முன்பே சொல்லிவைக்கச் சொல்லுங்கள். விடுதியில் பிறந்தநாளுக்கும் புதுவருடத்துக்கும் பட்டாசு கொளுத்துவார்கள். சொல்லியிருந்தால் அந்த ஒருத்தி வந்து கையைப் பிடிப்பாள்.

பணம். மகாபொல மாதத் தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், நிதியுதவி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் 2025 வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டன. நல்ல விடயம்தான். ஆனால் அது பிள்ளை போன அன்று கையில் கிடைக்கும் காசு அல்ல. விண்ணப்பம், தெரிவு, வங்கிக் கணக்கு என்று மாதங்கள் போகும். முதல் மூன்று மாதத்துக்கு வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். அதைவிட முக்கியம், இந்தப் பைக்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் கடன் எமது பெண்களை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. புதுப் பெட்டியும் புது மெத்தையும் வட்டிக்கு வாங்கும் சாமான்கள் அல்ல. பெரியம்மா வீட்டுப் பழைய பை போதும். படித்து முடித்த பிள்ளைகளிடம் போர்வை, புத்தகம், மழை அங்கி கேட்டுப் பாருங்கள், சந்தோசமாகத் தருவார்கள். மாதர் சங்கங்கள் இதற்கென்று ஒரு அலுமாரி வைத்தால் இன்னும் நல்லது. ஒரு பிள்ளை முடித்து வரும்போது அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

நகை போட்டு அனுப்புவதிலும் எனக்கு உடன்பாடில்லை. "வெறுங் கழுத்தோடை அனுப்பினவள் எண்டு சனம் சொல்லும்" என்பார்கள். சனம் விடுதியில் வந்து பூட்டுக்குக் காவல் இருக்காது. சிறிய தோடு போதும்.

கடைசியாக, பையில் வராத ஒரு பாரம். எமது வீடுகளில் மூத்த பெண்பிள்ளை வெறும் மாணவி அல்ல. தண்ணீர் அள்ளுவது, தம்பியின் பாடம், அம்மாவின் காயத்துக்கு மருந்து கட்டுவது, வங்கிப் படிவம் நிரப்புவது, அரசாங்கக் கடிதம் வாசிப்பது எல்லாம் அவள்தான். அவள் போனால் இதை யார் செய்வது என்று யாரும் வாயால் கேட்பதில்லை. அவள் மட்டும் மனதுக்குள் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். இரண்டு மாதத்தில் "அம்மாவுக்கு ஏலாது" என்று படிப்பை விட்டு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே வேலைகளைப் பிரித்துக் கொடுத்து, அவள் கண் முன்னாலேயே தொடங்கிவிடுங்கள். தண்ணீர் தம்பிக்கு. ஆண்பிள்ளை தண்ணீர் அள்ளினால் குறைந்துபோக மாட்டான். மருந்து கட்டப் பக்கத்து வீட்டு அக்கா. தொலைபேசிக்குக் காசு போடவும், குரல் பதிவு அனுப்பவும் அம்மா கற்றுக்கொள்ள வேண்டும். மகளே கற்றுக் கொடுக்கட்டும். எழுத வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரல் பதிவு பெரிய உதவி.

எத்தனை மணிக்குக் கதைப்பது என்பதையும் பேசி முடிவெடுங்கள். இரவு எட்டு மணி என்றால் எட்டு மணி. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எடுத்தால் அவளுக்குப் படிக்க முடியாது, ஒரு அழைப்பு தவறினால் உங்களுக்கு நித்திரை வராது. விரிவுரை நீண்டது, மின்கலம் இறங்கியது, குளிக்கப் போனாள் என்று பல காரணம் இருக்கும். அவள் எடுக்காவிட்டால் அடுத்ததாக யாருக்கு எடுப்பது? அறைத் தோழியின் இலக்கத்தையும் விடுதி அலுவலக இலக்கத்தையும் முதல் நாளே வாங்கி, வீட்டுச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.